முப்பத்தாறாவது பிறந்தநாள்

ஜனவரி 5, ஞாயிறு

கட்சி டைரி வந்துவிட்டது. முதல் ஆறு பக்கம் தலைவர்கள் படம். அதற்கப்புறம் மாவட்டவாரியாக நிர்வாகிகளின் பெயரும் செல் நம்பரும். தேதி போட்ட பக்கங்கள் அதற்கெல்லாம் பின்னால்தான் வருகின்றன. எங்கள் மாவட்ட இளைஞரணியைத் தேடிப் பிடித்தேன். அமைப்பாளர் இசக்கிராஜ். அவன் பெயருக்குக் கீழே துணை அமைப்பாளர்கள் ஐந்து பேர், அதில் நான் முதலாவது: கனகவேல், கோவில்பட்டி. போன வருட டைரியில் மூன்றாவதாக இருந்தேன்.

உமாவிடம் காட்டினேன். "வருசா வருசம் டைரி வருது, பாப்பா பூனைப்படம் வரையத்தான் ஆகுது. இந்த வருசமாவது நீங்க எழுதுங்க" என்றாள். சரி, எழுதிப் பார்ப்போம்.

இசக்கியும் நானும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் வெல்ல மண்டி வைத்திருக்கிறான், நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. கட்சியில் ஆட்கள் அவன் இலாகா. மேடை, போஸ்டர், பேனர் என் இலாகா. நோட்டீஸில் யார் பெயர் யாருக்கு மேலே வரவேண்டும் என்று இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

தலைமையிலிருந்து சுற்றறிக்கை. ஏப்ரலில் இளைஞரணிக்குப் புதுப் பட்டியல் வருகிறதாம், மூன்று வருடப் பொறுப்பு. நியமிக்கும் நாளில் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. இந்தத் தடவை கண்டிப்பு அதிகம், எல்லோரும் பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகல் அனுப்ப வேண்டும்.

நகல் எடுக்க என் கடையை விட்டால் வேறு கடை ஏது? காலையிலிருந்து ஒரே டி.சி. மழை. இசக்கியின் சான்றிதழையும் நான்தான் எடுத்தேன். அதன்படி வருகிற பிப்ரவரி 18இல் அவனுக்கு முப்பத்துநாலு. நிஜத்தில் முப்பத்தாறு. அவன் ஆறு வயதிலிருந்து இரண்டு வருடம் பள்ளிக்கூடத்துக்கு வராமல் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கினவன். எட்டு வயதில் கொண்டுவந்து மூன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, பின்னால் உத்தியோகத்துக்கு உதவும் என்று ஹெட்மாஸ்டர் இரண்டு வருடத்தைக் குறைத்து எழுதிவிட்டார். எனக்கு நேர்மாறு. சீக்கிரம் சேர்க்க வேண்டுமென்று அப்பா கூட்டிக்கொண்டு போக, அதே ஹெட்மாஸ்டர் ஒரு வருடத்துக்கு மேல் கூட்டி, ஜூன் 5 என்று ஒரு தேதியையும் போட்டார். ஆக நிஜத்தில் அவன் மூத்தவன். காகிதத்தில் நான் மூத்தவன்.

"உனக்கு எத்தன காட்டுது?" என்றான் இசக்கி.

"முப்பத்தஞ்சு. ஜூன் வந்தா முப்பத்தாறு."

"அப்ப நீ பெரியவரு. கால்ல விழணுமா?" என்று சிரித்தான். அப்புறம் தன் நகலைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டு வருசத்தத் தீப்பெட்டி ஆபீஸ் தின்னுச்சு. வாத்தியார் அத அப்படியே திருப்பிக் குடுத்துட்டாரு பாத்தியா. மனுசன் கடவுள்டே."

அவன் பட்டியலில் தொடர்வான். எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த பட்டியல் வரும்போது காகிதத்தில் எனக்கு முப்பத்தெட்டு. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். ஏழு கோலப்போட்டி. ஏழிலும் 'எல்லாக் கோலமும் முதல் பரிசுக்குரியதே' என்று பேசினேன். எட்டயபுரம் ரோட்டில் ஒரு அக்கா, "அப்ப எல்லாருக்கும் குக்கர் குடுங்க தம்பி" என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்று முடிந்ததும் மாவட்டச் செயலாளர் வீட்டுக்குப் போனோம். கட்சிக்காரர்கள் பேச்சில் அவர் 'மாவட்டம்' தான். மாவட்டம் சாப்பிடுகிறார், மாவட்டம் தூங்குகிறார் என்றுதான் சொல்வோம்.

மாவட்டம் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருசம் எலெக்சன். மாவட்டத்துக்கு ஒரு தொகுதி இளைஞரணிக்குன்னு தலைமையில பேச்சு ஓடுது. ஏப்ரல் லிஸ்ட்ல அமைப்பாளரா யாரு இருக்கானோ அவன்தான். இசக்கி, ஒனக்கு யோகம்டா."

இசக்கி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நானும் அவன் முதுகில் தட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியில் நாலாட்டின்புதூரில் ஒரு துக்க வீடு. இசக்கி காரை நிறுத்தச் சொல்லிவிட்டான். உள்ளே போய் இறந்தவரின் பேரன் முதற்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பந்தல்காரனுக்குப் போன் போட்டு, ஐஸ் பெட்டிக்கு ஆள் அனுப்பி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தான். அந்தக் குடும்பத்தில் யாரும் நம் கட்சியில்லை என்றேன். "செத்தவரு எந்தக் கட்சின்னு கேட்டா சாமி எடுத்துக்கிடுது?" என்றான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இசக்கி பிறந்தநாளுக்கு என்னென்ன என்று கூடிப் பேசினோம். ரத்ததானம், முதியோர் இல்லத்தில் சாப்பாடு, நாலு இடத்தில் பேனர். அவன் வேண்டாம் என்றான். அடுத்த வருடம் தேர்தல், வேண்டாம் என்றால் விடுவார்களா? பேனரில் 'இவண்' என்று என் பெயர் போட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கடையில் ஈ காக்கை இல்லை. ஃபேனைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு மெர்லின் பேனர் ப்ரூஃப் அனுப்பினாள். மெர்லின், இசக்கி, நான் என்று மூன்றே பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப், பெயர் 'பேனர் வேலை'. அவள் ஃப்ளெக்ஸ் கடை தொடங்கிய நாலு வருடமாக எங்கள் வேலை அங்கேதான். இசக்கி குரூப்பில் இருப்பானே தவிர ஒரு வார்த்தை போட்டதில்லை. நீ பார்த்தால் சரி என்பான்.

இருபதுக்குப் பத்து. தலைவர் படம் சரி. மாவட்டத்தின் படம் போன தடவையைவிட ஒரு விரல் சின்னது. இதைக் கவனிக்காமல் விட்டுத்தான் பக்கத்து மாவட்டத்தில் ஒருவருக்குப் பொறுப்பு போனது. 'மாவட்டம் படம் சின்னதா இருக்கு, பெருசாக்குங்க' என்று போட்டேன். ஒன்றியச் செயலாளர் பெயருக்குப் பின்னால் பி.ஏ. விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொன்னேன். இசக்கியின் மீசையில் மெர்லின் கொஞ்சம் கறுப்பு ஏற்றியிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன். திருத்தி அனுப்பினாள். நாலு மணிக்கு 'ஓகே, அடிச்சிருங்க' என்றேன்.

பிறகு பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். ஊஞ்சல் அறுந்து கிடந்தது. நகராட்சிக்கு மனு எழுத வேண்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நல்ல கூட்டம். நாற்பத்தொரு பேர் ரத்தம் கொடுத்தார்கள். இசக்கி முதல் ஆளாகப் படுத்தான். முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டையா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மாவட்டம் வந்து கேக் வெட்டும்போது என்னையும் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். பேனரில் தன் படத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

உடம்பு கொஞ்சம் சரியில்லை. சீக்கிரம் படுக்கிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

தலைமைக்கு யாரோ புகார் அனுப்பிவிட்டார்கள். கூடவே நம் பேனரின் போட்டோ. '36வது பிறந்தநாள் காணும் மாவட்ட இளைஞரணி அமைப்பாளர்' என்று எட்டயபுரம் ரோடு முக்கில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம். சான்றிதழில் முப்பத்துநாலு, பேனரில் முப்பத்தாறு, எது உண்மை என்று மாவட்டத்திடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ப்ரூஃப் வந்த அன்று கடையில் நல்ல கூட்டம். பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வேறு. திறந்தும் பார்க்காமல் ஓகே போட்டுவிட்டேன். மனிதன் எத்தனை வேலையைத்தான் பார்ப்பான்?

இசக்கியிடமும் அப்படித்தான் சொன்னேன். "சரிடே" என்றான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

மெர்லின் கடைக்கு வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"போன வருசம் பேனர்ல முப்பத்தஞ்சுன்னு இருந்துச்சுண்ணே. அந்த ஃபைலத்தான் எடுத்தேன். ஒரு வருசம் ஆச்சேன்னு ஒண்ணு கூட்டிப் போட்டேன். வயசு வரம்பெல்லாம் எனக்குத் தெரியுமா?"

உண்மைதான். போன வருடமும் நம்பர் போட்டோம், அப்போது வரம்புக்குள் இருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவள் மேல் குற்றமில்லை என்றேன். "நீங்க அந்த நம்பரயும் ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லண்ணே, எப்பவும் புள்ளி முதக்கொண்டு பாப்பீங்களே" என்றாள். ஆமாம் என்றேன். பால் சேர்க்காத காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். தவக்காலம் வருவதற்கு முன்னாலேயே அவள் பாலை விட்டுவிடுவாள்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று மாவட்டம் எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். தப்பிக்க வழியையும் அவரே போனில் சொல்லியிருந்தார்: பேனர் வைத்தவன் நான், ஆகவே வயது தவறாக அச்சாகிவிட்டது என்று நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் தலைமை அத்தோடு விட்டுவிடும். நேற்றே கடையில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான் எழுதமாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

காரில் இசக்கி கடிதத்தை வாங்கிப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"'ஃப்ளெக்ஸ் கடையின் கவனக்குறைவால்'னு போட்டுருக்கியே."

"அப்படித்தான்டே எழுதணும். இல்லன்னா எவன் நம்புவான்?"

"மெர்லின் பேரு வேற இருக்கு. இது தலைமை வரைக்கும் போனா அந்தப் பிள்ளைக்கு மாவட்டத்துல எவன் வேலை குடுப்பான்?"

"ஒரு ஆறு மாசம். எல்லாரும் மறந்துருவாங்க."

அவன் கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். தூத்துக்குடி வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

மாவட்டம் நேராகக் கேட்டார். "என்னடா, எத்தன வயசு ஒனக்கு?"

"முப்பத்தாறுண்ணே" என்றான் இசக்கி.

மாவட்டம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஏலே, ஒன் வயசயா கேட்டேன்? என்ன சொல்லப் போறேன்னு கேட்டேன்!"

"அதத்தாண்ணே சொல்லப் போறேன். பேனர்ல இருக்கறது சரிதான்."

மாவட்டம் என்னைப் பார்த்தார். நான் இசக்கியைப் பார்த்தேன். கடிதம் அவன் பையில் இருக்கிறது. அதை எடுத்து நீட்ட அரை நிமிடம் போதும். அவன் எடுக்கவில்லை. நானும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எடுத்துக் கொடுப்பது அவன் பாடுதானே, நான் எழுதிக் கொடுத்தாயிற்று.

கிளம்பும்போது மாவட்டம் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, "ஒன் சர்டிபிகேட்டுல எத்தன?" என்றார்.

மார்ச் 3, திங்கள்

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மார்ச் 19, புதன்

ஊஞ்சல் மனு கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

வந்துவிட்டது. கட்சிப் பத்திரிகையின் மூன்றாம் பக்கம். 'இப்பொறுப்பிலிருந்த இசக்கிராஜ் விடுவிக்கப்பட்டு, அவருக்குப் பதிலாக கோவில்பட்டி கனகவேல் மாவட்ட இளைஞரணி அமைப்பாளராக நியமிக்கப்படுகிறார்.' விடுவிக்கப்பட்டு. என்னமோ அவன் ஜெயிலில் இருந்த மாதிரி.

ஏழு மணிக்கே வாசலில் வெடிச் சத்தம். பத்து மணிக்குள் முப்பது துண்டு, பதினான்கு சால்வை. உமா அடுக்கி வைத்து மாளவில்லை. ஆனால் எல்லோருக்கும் முன்னால், நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து துண்டு போட்டது இசக்கிதான். வாயில் நுரையோடு நின்றேன்.

"நல்லா செய்டே வேலு" என்றான். "துக்க வீட்டுக்கு மட்டும் லேட்டாப் போகாத. கல்யாணத்துக்கு லேட்டாப் போனா மன்னிச்சிருவாங்க."

நிறைய அழைப்புகள். சந்தோஷமான நாள். இதை அழுத்தி எழுதுகிறேன், சந்தோஷமான நாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மந்தித்தோப்புப் பக்கம் துக்க வீடு. மாலையோடு போனேன், கூட இருபது பேர். வாசலில் நின்ற மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு எப்படி ஆச்சு?" என்றேன். அம்மா எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து ஒருவன் எழுந்து வந்து காதில் சொன்னான். "தவறுனது அவங்க வீட்டுக்காரரு. பேரு சீனிராஜ். மில்லுல மேஸ்திரியா இருந்தவரு. மகன் பேரு தினகரன்." இசக்கி. எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறான். பொறுப்பு இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை? அவன் இருந்ததால் மானம் தப்பியது. அப்படியிருந்தும் அவன்மேல் கோபம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

மே 18, ஞாயிறு

நீர்மோர்ப் பந்தல் மூன்று திறந்தேன். மாவட்டத்துக்கு என் பேச்சு பிடித்திருந்தது. "பயோடேட்டா ரெடி பண்ணி வையி. சொத்து விவரம், வழக்கு விவரம், எல்லாம்" என்றார். தொகுதி எனக்குத்தான் என்று இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து உமாவிடம் சொன்னேன். மோர் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். "நல்லதுதான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "இசக்கி அண்ணன் பேச்சு வந்தாலே நீங்க எந்திரிச்சுப் போயிருதீங்களே, ஏன்?" என்றாள்.

"நான் எங்க எந்திரிச்சுப் போறேன்?" என்று எழுந்து போனேன்.

ஜூன் 2, திங்கள்

என் பிறந்தநாளுக்குப் பேனர் வைக்கப் போகிறார்களாம். நிஜப் பிறந்தநாள் ஐப்பசியில் வருகிறது என்றால் யார் கேட்கிறார்கள்? தேர்தலுக்கு முன்னால் ஜூன்தான் வசதி என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை 'பேனர் வேலை' குரூப்பில் மெர்லின் ப்ரூஃப் அனுப்பினாள். 'அண்ணே, இந்தத் தடவ நம்பர் போடல' என்று கீழே எழுதியிருந்தாள். நான் திறப்பதற்குள் அதற்குக் கீழே இன்னொரு செய்தி. இசக்கி போட்டது. இசக்கியைக் குரூப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

'மாவட்டம் படம் சின்னதா இருக்கு, பெருசாக்குங்க.'

நாலு வருடத்தில் அந்தக் குரூப்பில் அவன் போட்ட முதல் வார்த்தை. ப்ரூஃபை பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். மாவட்டத்தின் படம் இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது. ஒரு நூல் குறையவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. குரூப்பை மேலே மேலே தள்ளிக்கொண்டு பிப்ரவரிக்குப் போனேன். அதே வார்த்தைகள், ஒரு எழுத்து மாறாமல், நான் போட்டவை. அதை அழுத்திப் பிடித்தால் யார் எப்போது படித்தார்கள் என்று காட்டும். மெர்லின், மூன்று இருபத்திரண்டு. இசக்கி, மூன்று இருபத்துநாலு. நான் 'ஓகே, அடிச்சிருங்க' போட்டது நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு.

கடையை மத்தியானமே பூட்டிவிட்டேன்.

ஜூன் 4, புதன்

மண்டிக்குப் போனேன். இசக்கி வெல்லச் சிப்பத்துக்கு ஓலைப்பாய் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். "வாங்க அமைப்பாளரே" என்றான். கிண்டலா என்று பார்த்தேன். கிண்டல் மாதிரித் தெரியவில்லை.

"பிப்ரவரியில ப்ரூஃபப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"நம்பரப் பாத்தியா?"

"அதத்தான முதல்ல பாத்தேன். எனக்குத்தானடே பிறந்தநாள்."

"அப்ப ஏன்டே சொல்லல?"

அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டான்.

"நானும் போனும் கையுமாத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள ஒன் மெசேஜ் வந்துருச்சு, மாவட்டம் படம் சின்னதா இருக்குன்னு. சரி, இவன் பாத்துட்டான், ஒரு விரல் குறையறதயே பிடிச்சவன் இதயா விடுவான்னு வச்சுட்டேன். அடுத்து பி.ஏ. விட்டுப்போச்சுன்ன. சரி, இப்ப வரும்னு பாத்தேன். அப்புறம் ஓகேன்னுட்ட."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்லடே. ஒரு போன்."

"சொல்லியிருந்தா நம்பர் மாறியிருக்கும். நீ மாத்துனதா ஆயிருக்காதே."

கடையில் கூட்டம் என்று ஆரம்பித்தேன். அவன் என்னைப் பார்க்காமல், "ஞாயித்துக்கிழம" என்றான். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

"அந்த லெட்டர் என்னாச்சு?"

"அன்னைக்கே கிழிச்சுட்டேன். பதவிக்காக அந்தப் பிள்ள தலையில பழியப் போடச் சொல்லுதியா?" அடுத்த சிப்பத்தை இழுத்து வைத்துக்கொண்டு அவனே சொன்னான்: "அந்த ரெண்டு வருசமும் எனக்குச் சும்மா வந்ததுதான்டே. வாத்தியார் குடுத்தாரு, போயிருச்சு. அது பெருசில்ல. ஒன்னய நான் மூணாங்கிளாசுல இருந்து பாக்கேன், அதான்."

வரும்போது பாப்பாவுக்கு என்று ஒரு அச்சு வெல்லம் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். "நாளைக்கு எத்தன மணிக்கு கேக்கு?" என்றான்.

ஆறு மணிக்கு என்றேன்.

ஜூன் 5, வியாழன்

நேற்று மண்டியிலிருந்து நேரே மெர்லின் கடைக்குப் போய், பேனரில் 36 என்று நம்பர் போடச் சொன்னேன். "வேண்டாம்ணே, பட்டது போதும்" என்றாள். போடுங்க என்றேன். எட்டயபுரம் ரோடு முக்கில், அதே இடத்தில், அதே அளவில் இன்று நிற்கிறது: '36வது பிறந்தநாள் காணும் மாவட்ட இளைஞரணி அமைப்பாளர்.' யாராவது போட்டோ எடுத்துத் தலைமைக்கு அனுப்பட்டும் என்று இருந்தேன். காலையிலிருந்து எத்தனையோ பேர் அதன் முன்னால் நின்று செல்ஃபிதான் எடுத்தார்கள். மாவட்டத்திடம் நானே சுட்டிக்காட்டினேன். "நியமிச்ச அன்னைக்கு முப்பத்தஞ்சுதானடா, அது செல்லும்" என்று கேக்கை ஊட்டிவிட்டார்.

இசக்கி சரியாக ஆறு மணிக்கு வந்தான். மேடைக்குக் கூப்பிட்டார்கள், வரவில்லை. நாலாவது வரிசையில் தினகரன் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பாவை இழந்த அந்த மந்தித்தோப்புத் தினகரன்தான். அவன் கட்சியில் சேர்ந்துவிட்டானாம். யார் சேர்த்தது என்று கேட்க வேண்டியதில்லை.

ஏற்புரையில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். நிஜமாகவே இருந்தேன். மைக்கைப் பிடித்ததும் தலைவரில் ஆரம்பித்து, மாவட்டம், ஒன்றியம், நகரம் என்று வரிசை தப்பாமல் நன்றி சொல்லி, கடைசியில் "என் ஆருயிர் நண்பர் இசக்கிராஜ்" என்று முடித்துவிட்டேன். கைதட்டினார்கள். அவனும் தட்டினான். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பயோடேட்டா மேஜைமேல் கிடக்கிறது. பிறந்த தேதிக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. பாப்பா வெல்லத்தைத் தின்றுவிட்டுப் பிசுபிசுத்த கையோடு டைரியைப் புரட்டி, எதிலும் பூனை இல்லையே என்று கேட்டாள். புரட்டியதில் பிப்ரவரி வந்தது. 21ஆம் தேதிப் பக்கத்தில் 'திறந்தும் பார்க்காமல்' என்று இருந்ததை அடித்தேன். 16ஆம் தேதிப் பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் இருந்தது. அதில் எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மறுபடி அடித்துவிடக் கூடாது என்று இங்கேயும் ஒரு நகல்.

பிப்ரவரி 16, ஞாயிறு (விட்டுப்போனது)

ப்ரூஃப் மூன்று மணிக்கு வந்தது. உடனே திறந்தேன். முதலில் பார்த்தது நம்பரைத்தான். இரண்டு விரலால் பெரிதாக்கியும் பார்த்தேன். அதற்கப்புறம்தான் மாவட்டத்தின் படத்துக்குப் போனேன்.